“தள்ளிவிடட்டுமா, சார்?”

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஊருக்குள் புதிதாக ஒரு பொருள் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது உலக வழக்கம். வானொலிப் பெட்டி வந்த புதிதில் அதற்குள் ஆள் உட்கார்ந்து பாடுவதாகச் சொன்னவர்கள் உண்டு என்று எங்கள் ஆயா சொல்லுவார். இப்போது அந்தப் பேச்சில் அகப்பட்டிருப்பது மின்சாரக் கார்.

வேறு எந்த ஊரிலாவது இப்படி நடந்தால் வியப்பில்லை. நம் வட்டாரத்தில் நடப்பதுதான் வேடிக்கை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் 2010 முதல் செய்கிறார்கள். லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள் என்று சக்கரம் வைத்த எதுவும் இங்கே பாக்கியில்லை. ஒரு காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமியில் இன்று காரே விளைகிறது எனலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கார் சத்தமில்லாமல் வந்து நின்றால், காரே பார்க்காத ஊர்க்காரர்களைப் போல நாம் சுற்றி நின்று பார்க்கிறோம்.

இவ்வாண்டுக் கல்லூரி விழாவில் நடந்த சிறு நாடகத்தை மாணவ நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரக் கார் வைத்திருக்கும் ஒரு கனவான் டீக்கடையில் வந்து இறங்குவார். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் சூழ்ந்துகொண்டு, “மழை பெஞ்சா ஷாக் அடிக்குமா?”, “கரண்டு கம்பம் ஏறி கொக்கி போடலாமா?” என்று கேட்பார்கள். கனவான் தலையில் அடித்துக்கொள்வார். அரங்கம் அதிர்ந்தது. நடித்தவர்கள் என் வகுப்புத் தோழர்கள். நடிப்புக்குக் கிடைத்த கைதட்டல் முற்றிலும் நியாயமானது. நாடகத்தின் கருத்தின்மேல்தான் எனக்கு வழக்கு உண்டு. அறியாதவன் கேட்கிறான், அறிந்தவன் தலையில் அடித்துக்கொள்கிறான் என்பதல்லவா அதன் சாரம்? உண்மை அதற்கு நேர்மாறானது என்பது என் துணிபு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவின் டீக்கடை சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு சார்ஜிங் நிலையத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே கிளாஸ் கழுவுவதும் பஜ்ஜி எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. பெட்ரோல் போட ஐந்து நிமிடம் போதும். மின்னேற்றுவதற்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் கார்க்காரர் எங்கே போவார்? டீக்கடைக்குத்தான் வருவார். வந்தால் மாட்டிக்கொள்வார்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “எவ்ளோ குடுக்குது, சார்?” பசு மாட்டையும் பைக்கையும் காரையும் நம் மக்கள் இந்த ஒரே வினைச்சொல்லால்தான் அளக்கிறார்கள். 2019இல் இருங்காட்டுக்கோட்டையில் சேர்த்து விற்பனைக்கு வந்த கோனா என்ற காரில் 39.2 யூனிட் பிடிக்கும் பேட்டரி இருந்தது; சோதனைச் சாலைக் கணக்கில் 452 கிலோமீட்டர். “நிஜத்துல?” என்பார் அடுத்தவர் உடனே. காகிதக் கணக்கு வேறு, ரோட்டுக் கணக்கு வேறு என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமில்லை. பைக் வாங்கியபோதே கற்றுவிட்டார்கள்.

இரண்டாவது, பச்சை நம்பர் பலகை. மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை என்று மத்திய அரசு 2018இல் விதி செய்தது. சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் மஞ்சள் எழுத்து. ஆனால் எங்கள் கடைக்கு வரும் ஒரு முதியவருக்குப் பலகையில் நிறம் மாறினால் அது சர்க்கார் வண்டிதான். பச்சைப் பலகையைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஒருமுறை ஒரு கார்க்காரரிடம் முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று மனுவே சொல்லிவிட்டார். கார்க்காரர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். பாவம், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

சத்தமின்மை செய்யும் கூத்து தனி. கட்டுரைக்குத் தலைப்பாக வைத்த சொல் இரண்டு சுமைதூக்கும் தொழிலாளர்கள் சொன்னது. மின்னேற்றி முடித்த கார் ஒன்று மெல்ல நகர்ந்து சாலை ஏறப் பார்க்கிறது. எஞ்சின் சத்தம் இல்லை. வண்டி ரிப்பேர், உருட்டிக்கொண்டு போகிறார் என்று முடிவு கட்டிய அவ்விருவரும், “தள்ளிவிடட்டுமா, சார்?” என்று கேட்டதோடு, பதிலுக்குக் காத்திராமல் பின்னால் போய்த் தோள் கொடுத்துவிட்டார்கள்! கார் விர்ரென்று கிளம்பியது. “நம்ம தள்ளின தள்ளுல ஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு” என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதை நான் காதாரக் கேட்டேன். நாடகக்காரத் தோழர்களே, இதை மேடையில் வையுங்கள்; எனக்கு மறுப்பில்லை. கேட்காமல் உதவும் குணம் அல்லவா இதில் தெரிகிறது!

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் புது வண்டிக்குப் பூசை போடுவது நம் பக்கத்து வழக்கம். அங்கே பூசை முடிந்து எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்த குருக்கள், “ஸ்டார்ட் பண்ணி முன்னால எடுங்கோ” என்றார். “ஸ்டார்ட்லதான் சாமி இருக்கு.” “சத்தமே வரலியே?” “இது வராதுங்க.” குருக்கள் சற்று யோசித்துவிட்டு, “முருகன் ஏறுற மயிலுக்கே குரல் உண்டேய்யா!” என்றார். பழம் நசுங்கிய சத்தம்தான் அன்று கேட்ட ஒரே சத்தம். “ஊமை ஊரைக் கெடுக்கும்” என்று எங்கள் ஆயா இந்தக் கார்களைப் பார்த்துச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். மெல்லப் போகும்போது ஏதேனும் ஒலி எழுப்பியே ஆகவேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் புது வகை மின்சாரக் கார்களுக்கு 2019இல் கட்டாயம் செய்தன. கண் தெரியாதவரும் குழந்தையும் வண்டி வருவதை அறியவேண்டுமே! பெரும்படிப்புப் படித்தவர்கள் கூடிப் பேசி வந்த முடிவும், ஆடு மேய்க்கும் ஆயாவின் முடிவும் ஒன்றாக இருக்கின்றன.

இனி அந்த மழைக் கேள்விக்கு வருகிறேன். “மழை பெஞ்சா ஷாக் அடிக்காதா?” நாடகத்தில் அதிகச் சிரிப்பு வாங்கியது இதுதான். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று நமக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நம் பெற்றோர்கள். மழைக்காலத்தில் அறுந்து விழும் கம்பிக்கு ஆடு மாடுகளைப் பறிகொடுத்த கிராமங்கள் நம்முடையவை. 400 வோல்ட் அளவில் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும் வண்டியைப் பார்த்து இந்தக் கேள்வி எழவில்லை என்றால் அதுதான் அறியாமை. கேள்விக்கு விடையும் இருக்கிறது. பேட்டரியின் இரு முனைகளும் வண்டியின் உடலோடு தொடர்பில்லாமல் காப்பிடப்பட்டிருக்கின்றன. காப்பு கெட்டால் அதை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் மழையிலும் புயலிலும் ஓடுகிறதே என்றும் சொல்லலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் நான் பார்த்த கார்க்காரர்களில் பலர் சொன்னது, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க” என்பதுதான். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தகப்பனும் மகளும் மாண்டுபோன செய்தியைப் படித்தவர்களிடம் “ஒண்ணும் ஆகாது” என்பது விடையாகுமா? அவ்வாண்டு தொடர்ந்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளையே அரசு கடுமையாக்கியது. ஆகவே கேட்டவர்கள் பயந்தது வீண் பயமல்ல.

டைனமோ விவாதத்தை விரிவாகவே சொல்லவேண்டும். இது வாரம் தவறாமல் நடப்பது. “சக்கரம் சுத்துதில்ல, அதுலயே ஒரு டைனமோ வெச்சா ஓட ஓட தானா சார்ஜ் ஏறாதா? கம்பெனிக்காரன் வேணும்னே வெக்கமாட்டேன்றான்.” இதைச் சொல்பவர் எப்போதும் மிகுந்த இரகசியத்தோடு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். ஆற்றல் அழிவின்மை விதியை எடுத்துச் சொல்ல நான் வாய் திறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பால் ஊற்றும் பெரியவர் முந்திக்கொண்டார். “யோவ், சைக்கிள்ல டைனமோ வெச்சிருந்தியா நீ? நான் வெச்சிருந்தேன். ராத்திரி லைட்டு வேணும்னு டைனமோவை டயர்ல சாய்ச்சா மிதிக்கறது எப்டி கனக்கும் தெரியுமா? வெளிச்சம் சும்மாவா வரும்? என் கால்லேர்ந்துதான்யா வருது!” என்றார். நாம் ஒரு பருவம் முழுக்கப் படித்த பாடத்தை அவர் கெண்டைக்கால் சதையால் படித்திருக்கிறார். ஆனால் டைனமோக்காரரும் லேசுப்பட்டவரல்லர். “அப்ப எறக்கத்துல?” என்று கேட்டார் பாருங்கள்! அது அபாரமான கேள்வி. இறக்கத்திலும், பிரேக் போடும்போதும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. உலகத்து மின்சாரக் கார்களில் எல்லாம் இருக்கும் ஏற்பாடு அது. பெரியவர் பாதிச் சரி, டைனமோக்காரர் மீதிச் சரி. இருவரையும் வகுப்பில் உட்காரவைத்தால் நம் இயற்பியல் விரிவுரையாளர் மகிழ்ந்துபோவார்.

இன்னொரு நாள் எண்ணூரிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர். “புகையில்ல புகையில்லன்றீங்க. கரண்டு எங்கேர்ந்து வருது? எங்கூர்ல நிலக்கரி கொளுத்தறானே, அங்கேர்ந்துதானே?” மின்சாரக் கார்க்காரர்கள் மிகவும் வெறுக்கும் கேள்வி இது, ஏனெனில் உண்மை கலந்த கேள்வி. நிலக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இல்லாமல் நம் மாநிலத்தில் விளக்கு எரிவதில்லை. முப்பந்தல் காற்றாலையும் கூடங்குளமும் இருந்தாலும் நிலைமை அதுதான். பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்துக்குத் தருகிறது, மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கு தருகிறது, ஆகவே மொத்தக் கணக்கில் ஆதாயமுண்டு என்று சொல்லலாம். சொன்னேன். “அப்ப புகை ஒங்கூர்ல கொறைஞ்சி எங்கூர்ல நிக்குது” என்றார் அவர். இதற்கு என்னிடம் விடையில்லை. ஒங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கார்க்காரர்களையும் சும்மா விடக்கூடாது. சார்ஜ் குறையுமே என்று குளிர்சாதனத்தை அணைத்து, வியர்வையில் குளித்து, நாற்பத்தைந்து லட்சத்துக் காரிலிருந்து துண்டால் விசிறிக்கொண்டு இறங்கியவரைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், மின்வெட்டு வந்த ஒரு மாலையில் அயோனிக் 5 காரிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் கடைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்த புண்ணியவானும் உண்டு. அந்தக் கார் 2023 முதல் நம் இருங்காட்டுக்கோட்டையில் சேர்க்கப்பட்டு வருவது. அதிலிருந்து மற்றப் பொருள்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். “கார் கடைக்கு கரண்டு குடுக்குதுப்பா!” என்று அன்று கூடிய கூட்டம் திருவிழாக் கூட்டம். சித்தப்பா அவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

புதுமையைக் கண்டு மருள்வது நம் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. இங்கிலாந்தில் 1865இல் ஒரு சட்டம் செய்தார்கள்: குதிரையில்லா வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும். அப்புறம் கேளுங்கள்: மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் 1899இல் ஓடிய ஒரு மின்சாரக் கார்தான். பெட்ரோல் கார்களை உலகெங்கும் பரப்பிய ஹென்றி போர்டின் மனைவி ஓட்டியதும் டெட்ராயிட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார்! வீட்டுக்காரர் செய்த காரை அந்த அம்மாள் நம்பவில்லையோ என்னவோ.

என் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள் நான். ஊரில் தெருவில் இறங்கினால் என்னைக் கேட்கும் கேள்விகளைச் சொல்லட்டுமா? “பி.எஸ்ஸி. முடிச்சா எவ்ளோ வரும்?” “எவ்ளோ தூரம் போவும் இந்தப் படிப்பு?” “நடுவுல நின்னுட்டா?” ஆமாம், அதே கேள்விகள். படிப்பின் பெருமையை அறியாதவர்கள் என்று இவர்களை நான் ஒதுக்கலாம். ஆனால் பணமும் வயதும் போட்டு வாங்கும் பொருளைப் பற்றி வேறு என்னதான் கேட்பது? கையில் இருப்பதை இழந்து பார்த்தவர்களின் கேள்வி அப்படித்தான் இருக்கும். நோக்கியா கைபேசி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கியது. வரி வழக்கில் சிக்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே இடத்தைப் பிறகு வாங்கியது சார்ஜர் செய்யும் ஒரு நிறுவனம். அருகே மறைமலைநகரில் போர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றது. 2025இல்தான் அங்கே எஞ்சின் செய்ய ஒப்பந்தமானது. “நடுவுல நின்னுட்டா?” என்ற கேள்வியை நம் வட்டாரத்து மனிதர் வேடிக்கைக்குக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னவை சிரிப்பு வந்த கேள்விகள். சிரிப்பு வராத ஒன்று உண்டு.

என் தந்தையார் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. சென்டர்லெஸ் கிரைண்டிங் மெஷினில் எஞ்சின் வால்வு அரைப்பவர். முடியின் கனத்தில் சிறு பங்குகூடப் பிசகக்கூடாத வேலை. அளவுக் கருவி வைக்குமுன் விரலால் தடவியே சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஷிப்ட் முடிந்து கடைக்கு வந்தவர், மின்னேற்றி நின்ற காரைச் சுற்றி வந்தார். முன் மூடி திறந்திருந்தது. கார்க்காரரிடம், “இதுல வால்வு எத்தனை சார்?” என்று கேட்டார். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் சாதாரணமாகப் பதினாறு இருக்கும். இது விலையுயர்ந்த கார் ஆயிற்றே, கூடுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. “வால்வா? இதுல எஞ்சினே இல்லையே!” என்று சிரித்தார் கார்க்காரர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனிதரல்லர். கேட்டவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. அப்பா டீயைக் குடித்து முடித்துக் கிளாசைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வால்வு மட்டுமல்ல, பிஸ்டன் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை, ஆயில் பில்டர் இல்லை. ஒவ்வொரு “இல்லை”க்கும் பின்னால் நம் சிப்காட்டுகளில் ஒரு ஷெட் இருக்கிறது. ஷெட்டுக்குள் நம்மில் யாரோ ஒருவருடைய அப்பாவோ அண்ணனோ நிற்கிறார். தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீடும் 1.5 லட்சம் புதிய வேலைகளும் இலக்கு என்றது. நல்ல இலக்கு, வரவேற்கிறேன். உள்ளே வரும் தலைகளை எண்ணும் அந்தக் கணக்கில், வெளியே போகக்கூடிய தலைகளையும் ஒரு பத்தியில் எண்ணவேண்டும் என்பதே என் வாதம். புதிய ஆலைக்குப் புதிய இளைஞனை எடுத்துப் பயிற்சி கொடுப்பது எளிது. நாற்பத்தாறு வயதில், மைக்ரான் கணக்கு விரல் நுனியில் இருக்கும் ஒருவரை அழைத்து, “உமக்குத் தெரிந்ததில் எது இங்கே உதவும்?” என்று கேட்க யார் இருக்கிறார்கள்? நம் கல்லூரியைப் போன்ற ஒன்று, ஐ.டி.ஐ.க்களோடு சேர்ந்து, விடுமுறை நாளில் ஓர் அறையைத் திறந்து வைத்தால் என்ன? பேட்டரியின் வேதியியலை நாம் சொல்லித் தருவோம். 2019இல் நோபல் பரிசு பெற்ற லித்தியம் அயனி மின்கலம் நம் பாடத்தில் இருக்கிறதே! இயந்திரத்தை அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். துறைத்தலைவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “ஏண்டா, எஞ்சின் இல்லன்னா மோட்டார் இருக்கில்ல? மோட்டாருக்கு ஷாஃப்ட் உண்டுதானே? அதை யாரு கிரைண்ட் பண்றாங்க?” எனக்குத் தெரியவில்லை. மறுநாள் இயற்பியல் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். சுழலிக்குத் தண்டு உண்டு. தண்டின் இரு முனையிலும் பேரிங் உட்காரும் இடம் உண்டு. அந்த இடத்தை மிக நுட்பமாக அரைத்தே ஆகவேண்டும். “ஆனால் அதை எங்கே அரைக்கிறார்கள், இங்கேயா, வெளிநாட்டிலா என்பதை ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய்த்தான் கேட்கவேண்டும்” என்றார். படத்தை நோட்டில் வரைந்துகொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வார விடுமுறை நாள்களில் அவர் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.